வெயிலுக்குக் கூறு வைத்தவர்கள்

சோலார் திட்டத்தில் பேனல் பொருத்துகிறவர்களுக்கு வெயில்தான் தொல்லை, எனக்கு மனிதர்கள். ஒரு தனியார் நிறுவனத்தில் 'சமூகத் தொடர்பு அலுவலர்' என்பது என் பதவி. பெயர் பெரிதாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். ஊருக்குள் போய், உங்கள் இடத்தில் பேனல் வரப்போகிறது, அதில் உங்களுக்கும் பங்கு உண்டு என்று சொல்லி, எல்லாரிடமும் சம்மதம் வாங்கி, அந்தப் பங்கையும் சண்டையில்லாமல் பிரித்துக் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பி வர வேண்டும். வேலை அவ்வளவுதான்.

மக்கள்தொகைக் கணக்கெடுக்கப் போனவர்கள், சொட்டு மருந்து கொடுக்க வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள், சுய உதவிக்குழுவுக்கு ஆள் சேர்க்க அலைந்தவர்கள், நீங்களெல்லாம் என் இனம். வாசலில் நிற்கும்போது உள்ளேயிருந்து "இல்லைன்னு சொல்லிடு" என்ற குரல் கேட்டும் சிரித்துக்கொண்டே நின்றவர்களுக்குத்தான் இது புரியும். குடவாசலுக்குத் தெற்கே ஓர் ஊரில் நான் பட்ட ஒரு வருஷத்துப் பாட்டைச் சொல்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவர்களே போன் போட்டு, இந்த இடத்தில் தப்பாக எழுதியிருக்கிறீர்கள் என்று திருத்துவார்கள்.

காலி இடம்

எங்கள் நிறுவனத்துக்கு அந்த ஊரில் பிடித்துப்போனது ஆறு ஏக்கர் பொதுத் திடல். உவர் பிடித்த தரை. நெல் வராது, உளுந்தும் வராது. டெல்டாவில் நன்செய்யில் கை வைக்காமல் பேனல் போட ஆறு ஏக்கர் கிடைப்பதென்றால் லேசான காரியமா? ஆவணத்தில் 'காலி இடம்' என்று இருந்தது. நானும் எங்கள் பொறியாளர் சிவநேசனும் ஆனி மாதத்து மத்தியானத்தில் அந்தக் காலி இடத்தைப் பார்க்கப் போனோம்.

அங்கே நாற்பது ஐம்பது ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நடுவில் குடையும் கையுமாக ஓர் அம்மாள். பெயர் அஞ்சம்மாள், கீழத்தெரு. அதில் பதினோரு ஆடு அவருடையது, மற்றவை தெருக்காரர்களுடையவை; முறை வைத்து மேய்க்கிறார்கள். அவர் மகள் திருவாரூரில் நர்சிங் படிக்கிறாள். வருஷத்துக்கு மூன்று கிடா அந்தப் படிப்புக்கே போய்விடும் என்றார். நான் அவசரக்காரி. கேட்டதை மனதில் வாங்காமல், இது காலி இடம், இங்கே சூரிய மின்சாரம் வரப்போகிறது, சுற்றி வேலி வரும் என்று கையிலிருந்த தாளைக் காட்டி மளமளவென்று ஒப்பித்தேன். அவர் தாளைப் பார்த்தார், ஆடுகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"அப்ப நானும் என் ஆடும் இப்ப எங்கங்க நிக்கிறோம்?"

ஒன்பது வருஷம் துடைத்தவர்

முதல் கூட்டம் பஞ்சாயத்து அலுவலக வாசலில். புரொஜெக்டர், திரை, மைக், எல்லாருக்கும் காராபூந்தி, டீ. ராஜஸ்தானில் எடுத்த படங்களைக் காட்டி விளக்கிக்கொண்டே வந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே உற்சாகம் தாங்கவில்லை. ஒருமுறை போட்டுவிட்டால் போதும், இருபத்தைந்து வருஷத்துக்குக் கை வைக்கவே வேண்டாம், வெயில் தானாக வேலை செய்யும் என்றேன். எங்கள் கையேட்டில் அப்படித்தான் இருந்தது.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு டி.வி.எஸ். வண்டியில் சாய்ந்து நின்றவர் கையைத் தூக்கினார். கூத்தாநல்லூர்க்காரர், யூசுப் பாய். பக்ரீத்துக்கு அஞ்சம்மாளிடம் ஆடு பேச வந்தவர் வேடிக்கை பார்க்க நின்றிருக்கிறார். நான்காவது படத்துக்குத் திரும்பப் போகச் சொன்னார். போனேன். மூன்றாவது வரிசையில் மங்கலாகத் தெரிகிறதே, அது நிழல் இல்லை, தூசி என்றார். மணல் எந்தப் பக்கத்துக் காற்றில் படியும், எந்த நேரத்தில் தண்ணீர் விட்டால் கண்ணாடி விரிசல் விடும், துடைப்பத்தை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, சிவநேசன் நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். நான் மைக்கைப் பிடித்தபடி வாய் பிளந்து நின்றேன். இவ்வளவும் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். வளைகுடாப் பாலைவனத்தில் இதே வேலையாம்.

"நீங்க படத்துல பாத்திருக்கீங்க மேடம். நான் ஒன்பது வருஷம் தொடச்சிருக்கேன்."

போதுமான கையெழுத்துகள்

ஊரில் நாலு தெரு. மேலத்தெரு, நடுத்தெரு, தெற்குத்தெரு மூன்றிலும் நிலம் வைத்திருப்பவர்கள். காவிரித் தண்ணீர் வரும் கடைசி வாய்க்கால் அவர்களுடையது. வந்தால் வரும், வராவிட்டால் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். திட்டம் வந்தால் ஊருக்கென்று தனியாக ஒரு சோலார் மோட்டார், போர் போட்டுத் தருகிறோம் என்றதும் மூன்று தெருவும் சரி என்றது. அந்த வயல்களில் நட்டு அறுக்கிறவர்கள் நிலமில்லாத கீழத்தெருக்காரர்கள். கிராம சபையில் அவர்கள் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கையெழுத்து நோட்டு அவர்கள் பக்கம் போனபோது ஒவ்வொருவராக எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, அமைதியாகப் போய்விட்டார்கள். கத்தியிருந்தால் எனக்குப் பதில் தெரியும். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

எனக்குச் சென்னை அலுவலகத்திலிருந்து தினமும் போன். அடுத்த கோடைக்குள் சம்மதம் வரவில்லையென்றால் வேறு மாவட்டத்துக்குப் போகிறோம், உங்கள் வேலையும் அத்தோடு முடிகிறது என்று சொல்லிவிட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவரைத் தனியாகப் பிடித்தேன். மேலத்தெருவில் எட்டு ஏக்கர் சாகுபடி செய்கிறவர், அளந்து பேசுகிற மனிதர். விதிப்படி இருக்கிற கையெழுத்தே தாராளம், தீர்மானம் போட்டுவிடுங்கள் என்றேன். அவர் என்னை ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"தீர்மானத்துக்கு இந்த ஆளுங்க போதும் மேடம். நடவுக்குப் போதாது."

சிவப்புக் கோடும் ஆட்டுக் கயிறும்

தீர்மானம் நிற்கட்டும், அளவையாவது முடிப்போம் என்று புரட்டாசியில் திடலில் ஓர் இரும்புக் குழாயை நட்டோம். பேனலின் அடி விளிம்பு எவ்வளவு உயரத்தில் வரும் என்பதற்குச் சிவநேசன் அதில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டார். மறுநாள் போய்ப் பார்த்தால் கோட்டுக்கு ஒரு முழத்துக்கும் மேலே ஓர் ஆட்டுக் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது. அஞ்சம்மாள்தான். வீம்புக்குக் கட்டியிருக்கிறார் என்று நினைத்து எனக்குச் சுர்ரென்று ஏறியது. எதற்கு இது என்று கேட்டேன். நீங்கள் போட்ட கோடு என் முட்டி, தண்ணீர் என் இடுப்புக்கு வரும் என்றார். ஒவ்வொரு கார்த்திகையிலும் குட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தத் திடலைக் கடக்கிறவராம். எங்கள் அளவைத் தாளில் அப்படி எதுவும் இல்லையே என்றார் சிவநேசன். தாளில் எப்படி இருக்கும்? அளந்தவர்கள் வந்தது பங்குனியில்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலையில் நாங்கள் இரண்டு பேரும் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். திடலைக் காணோம். ஒரே தண்ணீர்க்காடு. நடுவில் எங்கள் குழாய் மட்டும் நின்றது. சிவப்புக் கோடு எங்கே போனதோ தெரியவில்லை. தண்ணீர் சரியாகக் கயிற்று முடிச்சுக்கு ஒரு விரல் கீழே நின்றுகொண்டிருந்தது. அவ்வளவு கருவிகளைக் கொண்டுவந்தும் நாங்கள் அளக்காமல் விட்டதை, ஒரு பெண்பிள்ளை தன் இடுப்பால் அளந்து வைத்திருக்கிறார். மழையில் நனைந்துகொண்டே நான் கும்பிட்டேன், உண்மையாகவே. வண்டியில் ஏறும்போது சிவநேசன் சொன்னார்:

"உயரத்தை அந்தக் கயிறு வரைக்கும் ஏத்திடுங்க மேடம். ஆதாரம் கேட்டா ஆடுன்னு எழுதிடுங்க."

பேனலுக்குக் கீழே

கயிற்றின் உயரத்துக்கு ஒப்புக்கொள்ள வைக்கச் சிவநேசன் தலைமையகத்தோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டினார். கடைசியில், எட்டு பேனலை அந்த உயரத்தில் மாதிரியாக நிறுத்திப் பாருங்கள் என்று விட்டார்கள். தை மாதம் நிறுத்தினோம். கூடவே ஒரு சின்ன மோட்டார், ஒரு சிமெண்டுத் தொட்டி. பேனலைக் கழுவிப் பார்த்துக்கொள்ள யூசுப் பாயைக் கேட்டோம். வாரம் இரண்டு தடவை கூத்தாநல்லூரிலிருந்து வந்து, பிள்ளைக்குத் தலை குளிப்பாட்டுகிற மாதிரி நிதானமாகக் கழுவிவிட்டுப் போவார்.

சித்திரையில் அந்தத் திடல் வறட்டி மாதிரி காய்ந்துகிடக்கும். ஆடுகளை ஓட்டிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி வாய்க்கால் கரைக்குப் போவார்கள். அந்தச் சித்திரையில் ஒருநாள் நான் போனபோது ஆடு ஒன்றும் வாய்க்காலுக்குப் போகவில்லை. எட்டு பேனலின் அடியிலும் நெருக்கியடித்துக்கொண்டு படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன. கழுவிய தண்ணீர் சொட்டிய இடமெல்லாம், நிழல் விழுந்த இடமெல்லாம் கணுக்கால் உயரத்துக்கு அறுகம்புல். சுற்றிலும் வெடித்த தரை, நடுவில் இரண்டு பாய் அகலத்துக்குப் பச்சை. நான் கரண்டுக்குத்தானே டிசைன் பண்ணினேன் என்று சிவநேசன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அஞ்சம்மாள் பேனல் சரிவின் உயர்ந்த பக்கமாக, குனியாமல் அதன் அடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தார். வாளியோடு நின்ற யூசுப் பாய் புல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"அங்க அத்தனை வருஷம் தண்ணி ஊத்தினேன், ஒரு புல்லு மொளைக்கல மேடம். இது வேற மண்ணு."

என் அட்டவணை

இனிமேல் தடையில்லை என்று நினைத்து நான் செய்த முட்டாள்தனத்தைக் கேளுங்கள். ஊருக்கு வரப்போகும் பெரிய மோட்டாரின் தண்ணீரைப் பங்கு பிரித்து, கலர் கலராக ஓர் அட்டவணை தயாரித்தேன். எங்கள் படிவத்தில் பயனாளி பெயருக்குப் பக்கத்தில் பட்டா எண் கேட்கும் ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போகாது. அதனால் பட்டா உள்ள மூன்று தெருக்களுக்கு மட்டும் நேரம் போட்டேன். கீழத்தெருவுக்கு மேய்ச்சல்தான் கிடைத்துவிட்டதே, அவர்களுக்கு எதற்குத் தண்ணீர் என்பது என் எண்ணம். கூட்டத்தில் அதை ஒட்டியதும் அஞ்சம்மாள் எழுந்து வந்து நிதானமாகப் படித்தார். எட்டு பேனலுக்கு யூசுப் பாய் தண்ணீர் ஊற்றினார், புல் வந்தது. ஆறு ஏக்கருக்கு யார் ஊற்றுவது என்று கேட்டார். தண்ணீர் இல்லாவிட்டால் கீழத்தெருவுக்குக் கிடைக்கப்போவது வெறும் நிழல்தான். ஒரு வருஷமாக அவர் கவலை ஆட்டுக்கு மேய்ச்சல் இருக்குமா என்பது ஒன்றுதான். அதை நான் தீர்த்துவிட்டதாக நினைத்து, அந்த மேய்ச்சலையே மறுபடி பிடுங்கியிருக்கிறேன். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

நடுத்தெருக்காரர் ஒருவர், வயலே இல்லாதவர்களுக்குத் தண்ணீரில் என்ன பங்கு என்று கேட்டார். என் அட்டவணையும் அதையேதான் சொன்னது. அவரைக் கோபிக்க எனக்கு ஏது முகம்? தலைவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஊரில் கோடையில் பொதுக்குளத்தை இறைத்து மீன் பிடித்தால் கரையிலேயே கூறு வைப்பார்கள். நிலம் இருக்கிறவன், இல்லாதவன் என்று பேதமில்லை. வீட்டுக்கு ஒரு கூறு. தலைவர் கேட்டது ஒரே கேள்வி.

"கொளத்து மீனுக்கு நாம என்னைக்குய்யா பட்டா கேட்டோம்?"

நாலு குச்சி

சரி, நாலு தெருவுக்கும் என்று ஆயிற்று. காலை எட்டிலிருந்து நாலு வரை எட்டு மணி நேரம். தெருவுக்கு இரண்டு மணி நேரம். இதைவிட நியாயம் உண்டா என்று நிமிர்ந்து பார்த்தேன். எல்லார் முகமும் கடுகடுவென்று இருந்தது. உச்சி வெயிலில் மோட்டார் பீறிட்டு அடிக்கும், காலையில் நூல் மாதிரி வரும் என்பது திடலில் இருந்த சிமெண்டுத் தொட்டியைப் பார்த்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. மீன் கூறு வைக்கிற ஆள் யார் என்று தலைவர் கேட்க, எல்லாரும் அஞ்சம்மாளைக் காட்டினார்கள். குளத்தங்கரையில் விராலையும் கெண்டையையும் கலந்து, எந்தக் கூறும் உசத்தி தாழ்த்தி இல்லாமல் வைப்பதில் அவர் கை பெயர் போனதாம். இரண்டு நாள் டைம் கேட்டார்.

அந்த இரண்டு நாளும் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தொட்டி நிறைந்தால் திறந்துவிடுவது, மறுபடி நிறைந்தால் மறுபடி திறப்பது. முதல் நாள் எண்ணியதில் மொத்தம் பதினாறு தொட்டி. மறுநாள் ஒவ்வொரு நாலு தொட்டிக்கும் எங்கள் இரும்புக் குழாயின் நிழல் எங்கே விழுகிறதோ அங்கே ஒரு குச்சி. காலைக் கூறு நீளமாக வந்தது, உச்சிக் கூறுகள் குட்டையாக, சாயங்காலக் கூறு மறுபடி நீளமாக. சிவநேசன் லேப்டாப்பில் வெயிலின் கணக்கைப் போட்டுப் பார்த்தார். ஒரு குச்சியைக்கூட நகர்த்த வேண்டியிருக்கவில்லை. அவர் லேப்டாப்பை மெதுவாக மூடி வைத்துவிட்டு, குச்சிகளைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தார். கோயிலில் சுற்றுவது மாதிரியே இருந்தது எனக்கு.

பிறகு பங்கு. கூறு வைத்தவர் யாருக்கென்று சொல்லக் கூடாது, சொல்கிறவர் கூறுகளைப் பார்க்கக் கூடாது. அதுதான் குளத்தங்கரை வழக்கம். தலைவர் முதுகைக் காட்டி நின்றார். அஞ்சம்மாள் ஒரு குச்சியைத் தொட்டு இது யாருக்கு என்று கேட்க, அவர் பார்க்காமலே ஒரு தெருவின் பெயரைச் சொன்னார். இப்படி நாலு தடவை. வயலுக்குச் சொந்தக்காரர் ஒருவர் திரும்பி நிற்க, ஒரு சென்ட் நிலம் இல்லாத பெண் சூரியனைப் பிரித்துக் கொடுக்க, ஊரே மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன. காலைக் கூறு கீழத்தெருவுக்கு விழுந்தது. உச்சிக் கூறு விழுந்த நடுத்தெருக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, எங்களுக்கு ஒன்றரை மணிதானா என்று முணுமுணுத்தார். அஞ்சம்மாள் கையில் ஒட்டிய சேற்றைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"தொட்டியப் பாருங்கண்ணே, வாட்சப் பாக்காதீங்க."

சாவி

அன்றைக்கே கீழத்தெரு மொத்தமும் கையெழுத்துப் போட்டது. ஐப்பசிக்கு முன்னால் ஆறு ஏக்கரிலும் பேனல் நின்றுவிட்டது, கயிற்றின் உயரத்தில். வேலி வேண்டாம் என்று எவ்வளவோ கெஞ்சியும் இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கவில்லை. சுற்றிக் கம்பிவேலி, ஒரே ஒரு கேட், அதற்குப் பூட்டு. ஆடு தினமும் உள்ளே போய் வர வேண்டுமே, சாவி யாரிடம் இருப்பது என்று சென்னையிலிருந்து கேட்டார்கள். நான் ஒருநாளும் இவ்வளவு தைரியமாகப் பதில் போட்டதில்லை. கூறு வைத்தவரிடம் என்று எழுதி அனுப்பினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்கள் திருப்பிக் கேட்பதற்குள் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

போன மாதம் தலைமையகத்திலிருந்து ஓர் அதிகாரி, வெள்ளைச் சட்டை, புது ஷூ, திட்டத்தைப் பார்வையிட வந்தார். நான், சிவநேசன், அவர் மூன்று பேரும் கேட்டுக்கு வெளியே முக்கால் மணி நேரம் நின்றோம். காலைக் கூறு ஓடிக்கொண்டிருந்தது. பேனல் வரிசைகளுக்கு அடியில் தீவனப்புல் முழங்கால் உயரத்துக்கு அசைந்தது. மகளின் கடைசி வருஷப் படிப்புக்கு இப்போது கிடா விற்க வேண்டியதில்லை, தெருவே புல் விற்கிறது என்று தூரத்தில் மடை திருப்பிக்கொண்டிருந்த அஞ்சம்மாள் முன்பே சொல்லியிருந்தார். அதிகாரி பொறுமையிழந்து, இது நம்முடைய பிளான்ட்தானே என்று என்னைக் கேட்டார். என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் அஞ்சம்மாள் இடுப்பில் சொருகிய சாவியோடு வந்து கேட்டைத் திறந்தார். ஷூவைப் பார்த்தார், ஈரத் தரையைப் பார்த்தார்.

"இப்பத்தாங்க தண்ணி பாஞ்சிருக்கு. செருப்பக் கழட்டிட்டு, வரப்பு மேலயே வாங்க."

ஆறு ஏக்கர் சூரியனுக்குள் வெறுங்காலோடு அவர் பின்னால் வரிசையாக நடந்து போனபோதுதான், ஊரைச் சம்மதிக்க வைக்க வந்ததாக ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்த நான், ஊர்தான் எங்களைச் சம்மதித்து உள்ளே விட்டிருக்கிறது என்பதை என் பதவிப் பெயருக்கு எப்படி எடுத்துச் சொல்வது என்று யோசித்தேன்.